டாலர் ஏறினால் சித்தப்பாவுக்கு யோகமா?

ரூபாய் விழுகிற ஒவ்வொரு முறையும் எங்கள் சித்தப்பாவுக்கு வாழ்த்துச் சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள். 2022 ஜூலையில் டாலர் 80 ரூபாயைத் தொட்டபோது வந்தார்கள். 2024 டிசம்பரில் 85-ஐத் தாண்டியபோதும் வந்தார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், வங்கியில் கையெழுத்துப் போடும் மேலாளர், டல்லாஸிலிருந்து வாட்ஸ்அப்பில் எங்கள் அத்தை மகன், எல்லோருக்கும் ஒரே பேச்சுதான்: "ஏற்றுமதிக்காரருக்கு என்ன, டாலர் ஏறினால் யோகம்." சித்தப்பா மதுரை வில்லாபுரத்தில் அப்பளக் கம்பெனி வைத்திருக்கிறார். கம்பெனி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு கொட்டகை, மாவு பிசைய ஒரு மெஷின், காயப்போட மொட்டை மாடி, வேலைக்கு வரும் பெண்கள், அவ்வளவுதான். சரக்கு மட்டும் கொழும்பு, கோலாலம்பூர், லண்டன் என்று போகும். வாழ்த்துக்கு அவர் பதில் சொல்வதில்லை, சிரித்துவிட்டு ரசம் கேட்பார். அவருக்குக் கணக்கு எழுதுகிற எனக்குத்தான் அந்தப் பேச்சு வீட்டுக்கு வந்த பிறகும் உறுத்திக்கொண்டிருக்கும்.

அதைத் தப்பென்று ஒதுக்கவும் முடியாது. பாடப்புத்தகம் அதைத்தான் சொல்கிறது, அரசாங்கமும் அதை நம்பித்தான் செய்திருக்கிறது. 1966 ஜூன் 6 அன்று டாலர் 4.76 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 7.50 ஆனது. 1991 ஜூலை 1, 3 தேதிகளில் இரண்டு தவணையாக மறுபடி இறக்கினார்கள். அப்போது வர்த்தக அமைச்சராக இருந்தவர் நம் பக்கத்துச் சிவகங்கை எம்.பி. ப. சிதம்பரம். ரூபாயை இறக்கிய கையோடு ஏற்றுமதிக்குக் கொடுத்துவந்த ரொக்க மானியத்தையும் எடுத்துவிட்டார்கள். மதிப்புக் குறைந்ததே ஏற்றுமதியாளருக்குப் போதுமான ஊக்கம், தனியாக மானியம் எதற்கு என்பது கணக்கு. 1993-க்குப் பிறகு இப்படி ஒரே நாளில் அறிவிக்கிற வேலை இல்லை. சந்தை தினம் கொஞ்சம் நகர்த்துகிறது, ரொம்ப நகர்ந்தால் ரிசர்வ் வங்கி உள்ளே வருகிறது. இதெல்லாம் தெரிந்த கதைதான். தெரியாமல் இருந்தது, அந்த யோகம் எங்கள் பேரேட்டில் எந்தப் பக்கத்தில் வரவாகிறது என்பது.

உளுந்து வரும் வழி

உளுந்து அப்பளத்தில் உளுந்துதான் எல்லாம். உப்பும் அப்பளக் காரமும் சொற்பச் செலவு. அந்த உளுந்தில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வருகிறது. யாங்கோனில் கண்டெய்னரில் ஏறி, சென்னையிலோ தூத்துக்குடியிலோ இறங்கி, விருதுநகர் பருப்பு மில்லில் உடைபட்டு, திருமங்கலம் வழியாக வில்லாபுரம் வந்து சேரும். உள்ளூர் உளுந்து நல்ல சரக்கு, நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வருடம் முழுக்க ஒரே தரத்தில், ஒரே இடத்தில் கிடைப்பது பர்மா உளுந்துதான். 2021-இல் இந்தியா மியான்மருடன் ஐந்து வருடத்துக்கு ஒப்பந்தமே போட்டது, வருடத்துக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து, ஒரு லட்சம் டன் துவரை என்று.

விருதுநகர் தரகர் காலையில் போன் பண்ணினால் முதலில் சொல்வது கிலோ விலை கிடையாது. "டன்னுக்கு இத்தனை டாலர்" என்றுதான் ஆரம்பிப்பார். ரூபாய்க் கணக்கு அடுத்த வாக்கியத்தில் வரும். 2024 தொடக்கத்தில் நம் ரூபாய்க்கும் மியான்மர் நாணயமான கியாட்டுக்கும் நேரடி வர்த்தகத்துக்குப் பஞ்சாப் நேஷனல் வங்கி வழியாக வழி செய்தார்கள். டாலர் நடுவில் வராமல் வியாபாரம் நடக்கும் என்று பேப்பரில் படித்துச் சந்தோஷப்பட்டோம். தரகர் பேச்சு மாறவில்லை.

இந்த உளுந்து மூட்டைக்குப் பின்னால் இன்னொரு நாட்டு நாணயக் கொள்கையும் இருக்கிறது. 2022 ஏப்ரலில் மியான்மர் மத்திய வங்கி, வெளிநாட்டுப் பணம் கைக்கு வந்தால் ஒரே வேலை நாளுக்குள் கியாட்டாக மாற்றிவிட வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஆகஸ்டில் டாலருக்கு 2,100 கியாட் என்று வைத்து, ஏற்றுமதியாளர் தன் வருமானத்தில் 65 சதவீதத்தை அந்த விலைக்கே கொடுக்க வேண்டும் என்றது. வெளிச்சந்தையில் டாலர் அதைவிட வெகுவாக மேலே இருந்தது. யாங்கோன் வியாபாரி நூறு டாலர் சம்பாதித்தால் அறுபத்தைந்து டாலரைச் சல்லிசாக அரசாங்கத்திடம் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த நஷ்டத்தை அவர் விவசாயி தலையில் கட்டுவார், முடியாவிட்டால் நம் தலையில். இதற்கெல்லாம் வரி என்று பெயர் வைக்கவில்லையே தவிர, வேலை வரியின் வேலைதான்.

டாலர் ஏறிய மறுநாளே சித்தப்பாவின் உளுந்து ஏறிவிடும். வரவுப் பக்கம் அப்படி மறுநாளே ஏறாது. கோலாலம்பூர்க்காரரும் தினமும் செல்போனில் ரூபாய் மதிப்பைப் பார்க்கிறார். "உங்க ரூபாய் இறங்கிடுச்சே அண்ணே, விலையைப் பார்த்துப் போடுங்க" என்று அவரே முந்திக்கொள்வார். கப்பல் வாடகை டாலரில். சின்னக் கம்பெனிகள் பெரும்பாலும் நேராக ஏற்றுமதி செய்வதில்லை, நடுவில் ஒரு மெர்ச்சன்ட் எக்ஸ்போர்ட்டர் இருப்பார். அவர் நமக்கு ரூபாயில் விலை பேசுவார், டாலர் ஏற்றம் அவர் பையில். இத்தனையும் போக மிச்சம் ஒன்று நிற்கும். நிற்காமல் இல்லை. அந்த மிச்சத்தைத் தின்றது எது என்று தேடினால், ஒவ்வொரு வருடமும் ஒரே தலைப்பில்தான் வந்து நின்றேன்: வண்டி வாடகை.

லாரி செட்டில் ஒரு மதியம்

2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து 2022 மார்ச் 21 வரை பெட்ரோல், டீசல் விலையை எண்ணெய்க் கம்பெனிகள் அசைக்கவே இல்லை. உத்தரப்பிரதேசம் உட்பட ஐந்து மாநிலத் தேர்தல் முடிந்தது. மார்ச் 22-இல் ஆரம்பித்து ஏப்ரல் 6-க்குள் லிட்டருக்குப் பத்து ரூபாய் ஏற்றினார்கள். அந்த வாரமே லாரி செட்டிலிருந்து விருதுநகர் லோடுக்கு மூட்டைக்கு நாலு ரூபாய் கூடுதல் என்று சொல்லி அனுப்பினார்கள். சித்தப்பா பேசாமல் கொடுத்தார். பெட்ரோல் பங்க்கில் ஏறினால் செட்டில் ஏறத்தானே செய்யும்.

மே 22-இல் மத்திய அரசு டீசல் மீதான வரியில் லிட்டருக்கு ஆறு ரூபாய் குறைத்தது. இந்தத் தடவை விடக்கூடாது என்று சித்தப்பா என்னையும் கூட்டிக்கொண்டு செட்டுக்குப் போனார். கணக்கெல்லாம் நான் தாளில் போட்டு வைத்திருந்தேன். நல்ல வெயில். தார்ப்பாய் வாசமும் கிரீஸ் வாசமும் கலந்த அந்த அறையில், செட் பொறுப்பாளர் என் தாளை வாங்கி மரியாதையாகப் படித்துப் பார்த்தார். படித்துவிட்டு மடித்து, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார்.

"அண்ணே, டீசல் எறங்குனது வாஸ்தவம். நான் இல்லைங்கலை. வண்டி டீசல்ல மட்டுமா ஓடுது?"

எழுந்து வெளியே வந்து, நின்றுகொண்டிருந்த ஒரு பத்துச் சக்கர வண்டியைச் சுற்றி எங்களைக் கூட்டிப்போனார். டயர்: ரப்பரில் ஒரு பகுதி இறக்குமதி, மிச்சத்துக்குப் போடும் செயற்கை ரப்பரும் கார்பன் பிளாக்கும் கச்சா எண்ணெய் வழியாக வருபவை. அவர் இப்படிச் சொல்லவில்லை, "டயர்க்காரன் வெலை ஏத்துனா எறக்குனதா நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்றார். இன்ஜின் ஆயில், அதுவும் அப்படித்தான். அப்புறம் டீசல் டேங்குக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட சின்ன டேங்க் ஒன்றைத் தட்டிக் காட்டினார். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) லாரிகளுக்கு, புகையின் நச்சைக் குறைக்கும் ஆட்ப்ளூ என்ற திரவம் ஊற்ற வேண்டும், டிரைவர்கள் யூரியா என்பார்கள். இருபது லிட்டர் வாளியில் வரும். அது தீர்ந்துபோனால் வண்டி ஒழுங்காக ஓடாது. அதைச் செய்யத் தேவையான யூரியா பெரும்பாலும் இறக்குமதி. 2021 கடைசியில் சீனா யூரியா ஏற்றுமதியை இறுக்கியபோது அந்த வாளியின் விலை என்ன பாடு படுத்தியது என்று ஐந்து நிமிடம் சொன்னார். எனக்கு அந்த நீல மூடி மனதில் நின்றுவிட்டது. டாலர் என்பது பெட்ரோல் பங்க் மீட்டரில் மட்டும் ஓடுகிறது என்று நினைத்துத்தான் நான் தாளில் கணக்குப் போட்டிருந்தேன். அந்த வண்டியில் எங்கே கை வைத்தாலும் டாலர் இருந்தது.

"கப்பலூர் ரசீது வேணும்னா காட்டவா?" என்றார் கடைசியாக. மதுரைக்காரனிடம் கப்பலூர் சுங்கச்சாவடி பற்றிப் பேசினால் பேச்சு எங்கே போகும் என்று தெரியும், அதற்குள் நான் போகவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து சுங்கக் கட்டண விதியை எடுத்துப் படித்தேன். 2008-ஆம் வருட விதிகளின்படி கட்டணம் வருடத்துக்கு 3 சதவீதம் கண்ணை மூடிக்கொண்டு ஏறும். அதோடு மொத்த விலைக் குறியீடு, அதாவது மொத்த வியாபார விலைவாசியின் அளவுகோல், எவ்வளவு ஏறியதோ அதில் 40 சதவீதமும் சேரும். மொத்த விலைக் குறியீட்டில் டீசல் இருக்கிறது, இரும்பு இருக்கிறது, ரசாயனம் இருக்கிறது. டாலர் விலையைப் பார்த்து ஏறி இறங்கும் சரக்குகள் அதில் ஏராளம். 2021-22-இல் அந்தக் குறியீடு சராசரியாக 13 சதவீதத்தை ஒட்டி ஏறியது. ரூபாய் விழுந்து டீசல் ஏறினால் லாரிக்காரர் பெட்ரோல் பங்க்கில் ஒருமுறை கட்டுகிறார், அதே ஏற்றத்துக்காக அடுத்த வருடம் சுங்கச்சாவடியில் இன்னொருமுறை கட்டுகிறார். 2023-24-இல் குறியீடு பூஜ்ஜியத்துக்குக் கீழே போனது. அப்போதும் அந்த 3 சதவீதம் இருந்ததே. கட்டணம் கீழே வருவதற்கு அந்தச் சூத்திரத்தில் இடம் வைக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

விலை இறங்கும் என்று செட்காரர் நம்பாததற்கு அவருக்கு அனுபவமும் இருந்தது. 2014 நடுவில் பீப்பாய் நூறு டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய் 2016 ஜனவரியில் முப்பதுக்கும் கீழே வந்தது. அந்த இடைவெளியில் மத்திய அரசு கலால் வரியை ஒன்பது முறை ஏற்றியது. டீசலில் மட்டும் லிட்டருக்கு 13 ரூபாய் 47 காசு. 2020 மே மாதம், ஊரடங்கில் உலகமே எண்ணெய் வாங்க ஆளில்லாமல் கிடந்தபோது, டீசலுக்கு இன்னொரு 13 ரூபாய். அரசுக்கு அதில் நியாயம் இருக்கலாம், சாலை போடப் பணம் வேண்டும், பற்றாக்குறையைக் குறைக்க வேண்டும். ஆனால் லாரிக்காரர் கற்றுக்கொண்ட பாடம் வேறு. ஏற்றம் என்றால் உடனே அவர் மடியில் விழும், இறக்கம் என்றால் டெல்லியோடு நின்றுவிடும். அப்படிப் பழகியவர் ஆறு ரூபாய் குறைந்ததும் வாடகையைக் குறைக்க மாட்டார். அடுத்த ஏற்றத்துக்கு அதைக் கையில் வைத்துக்கொள்வார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

விலைவாசிப் புள்ளிவிவரத்தில் இந்த வாடகை ஏற்றம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட பழைய சில்லறை விலைக் குறியீட்டில் போக்குவரத்து, தகவல் தொடர்பு இரண்டுக்கும் சேர்த்து எடை நூற்றுக்குச் சுமார் 8.6 தான் இருந்தது. அதில் வருவது பஸ் டிக்கெட்டும் பெட்ரோலும் செல்போன் கட்டணமும். நாசிக்கிலிருந்து கீழமாரட் வீதிக்கு வெங்காயம் வந்த லாரி வாடகை அங்கே இருக்காது. அது வெங்காயத்துக்குள் இருக்கும், உணவு என்ற தலைப்பில். வெங்காயம் ஏன் ஏறியது என்று டி.வி.யில் மழையைக் காட்டுவார்கள். மழையும் உண்மைதான்.

கொழும்பிலிருந்து வந்த போன்

அப்படியானால் ரூபாயை விழவே விடாமல் பிடித்து வைத்தால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்த எண்ணத்தைக் கொழும்பு புறக்கோட்டையில் சித்தப்பாவிடம் சரக்கு எடுக்கும் ஒருவர் தீர்த்துவைத்தார்.

இலங்கை மத்திய வங்கி 2021 கடைசி மாதங்களில் டாலரை 200, 203 ரூபாயில் பிடித்து வைத்திருந்தது. வங்கியில் டாலர் அந்த விலை, ஆனால் வங்கியில் டாலர் இல்லை. வளைகுடாவில் வேலை செய்கிறவர்கள் வங்கியை விட்டுவிட்டு உண்டியல் எனப்படும் கள்ளப் பணமாற்று வழியாக வீட்டுக்குப் பணம் அனுப்ப ஆரம்பித்தார்கள், அதில் கூடக் கிடைத்தது. வங்கிக்கு வரவேண்டிய டாலர் இன்னும் வற்றியது. 2022 மார்ச்சில் பிடியை விட்டார்கள். மே மாதத்துக்குள் டாலர் 360 ரூபாய் ஆகிவிட்டது. ஏப்ரல் 12-இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசே அறிவித்தது. 2021 டிசம்பரில் லிட்டர் 121 ரூபாயாக இருந்த டீசல் 2022 ஜூனில் 460. தனுஷ்கோடிக் கரையில் படகில் வந்து இறங்கியவர்களைப் பற்றி அந்த மார்ச்சிலிருந்தே நாம் பேப்பரில் படித்துக்கொண்டிருந்தோம்.

ஜூன் மாதம் வந்த போனில் புறக்கோட்டைக்காரர் சொன்னது: "சாமான் இறங்கினாலும் யாழ்ப்பாணத்துக்கு ஏத்துறதுக்கு லொறி இல்லை அண்ணே. லொறி இருந்தா டீசல் இல்லை. டீசல் கிடைச்சா அவன் கேக்கிற கூலிக்கு உங்கட அப்பளத்தையே குடுத்திட்டு வந்திரலாம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். செப்டம்பரில் கொழும்பு விலைவாசி உயர்வு 70 சதவீதத்தைத் தொட்டது, உணவு மட்டும் 95-ஐ நெருங்கியது. அடுத்த வருட செப்டம்பரில் அதே புள்ளி 2 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது என்று பாராட்டி எழுதினார்கள். ஏறுவது நின்றது என்றுதான் அதற்கு அர்த்தம். ஏறிய விலை 2021-க்குத் திரும்பிப் போகவில்லை, வாடகையும் போகவில்லை.

நைஜீரியா கதையும் ஏறக்குறைய இதே. கச்சா எண்ணெயை விற்கிற நாடு, பெட்ரோலை வாங்கிக்கொண்டிருந்தது. 2023 மே கடைசியில் பெட்ரோல் மானியத்தை நிறுத்தி, ஜூன் நடுவில் தங்கள் நாணயமான நைராவைப் பிடித்து வைப்பதையும் விட்டார்கள். லிட்டர் இருநூறு நைராவுக்குள் இருந்த பெட்ரோல் ஜூலையில் அறுநூறைத் தாண்டியது. கானோவில் விளையும் தக்காளி லாகோஸ் வரை ஆயிரம் கிலோமீட்டர் அந்தப் பணத்தில்தான் ஓட வேண்டும். 2024 கடைசியில் அங்கே விலைவாசி உயர்வு 34 சதவீதத்துக்கு மேல்.

இந்த இரண்டையும் பார்த்த பிறகு என் நிலை இதுதான். ரூபாயைப் பிடித்து வைப்பதைவிடத் தினமும் பத்துப் பைசாவாகக் கசிய விடுவது மேல். செட்காரர் பத்துப் பைசாவை வாடகையில் ஏற்ற மாட்டார், அவருக்கு அலுப்பு. ஒரே மாதத்தில் ஏழு ரூபாய் என்றால் ஏற்றுவார், ஏற்றியதை இறக்கமாட்டார். அதனால்தான் 2022 கடைசியிலிருந்து இரண்டு வருடம் நம் ரிசர்வ் வங்கி ரூபாயை மிகக் குறுகிய இடத்துக்குள் வைத்திருந்தபோது எனக்கு உள்ளூர பயம் இருந்தது. 2023 டிசம்பரில் சர்வதேச நிதியமான ஐ.எம்.எஃப். இதைச் சந்தைப் போக்கில் மிதக்கும் நாணயம் என்று சொல்ல முடியாது, நிலைப்படுத்தப்பட்ட ஏற்பாடு என்று வகை மாற்றி எழுதியது. ரிசர்வ் வங்கி அதை ஒப்புக்கொள்ளவில்லை. 2024 அக்டோபரில் 84-ஐ ஒட்டி நின்ற டாலர் நாலைந்து மாதத்தில் 87-ஐத் தாண்டியது. நம்மிடம் கையிருப்பு நிறைய இருந்தது, கொழும்பு போல ஆகவில்லை. ஆனாலும் அந்த மாதங்களில் தரகரின் காலை போனை எடுக்க சித்தப்பா யோசித்தார்.

பேருந்துக்கு உண்டு, மூட்டைக்கு இல்லை

வேலைக்கு வரும் பெண்களில் பாதிப்பேர் அவனியாபுரம், திருப்பரங்குன்றம் பக்கமிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் அவர்களுக்கு டிக்கெட் இல்லை. அரசு பஸ் கட்டணமே 2018 ஜனவரிக்குப் பிறகு ஏறவில்லை. ரேஷனில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்தான், மலேசியாவில் என்ன விலை விற்றாலும். டாலர் இவர்களைத் தொடாமல் இருக்க அரசாங்கம் நடுவில் நின்று வாங்கிக்கொள்கிறது. போக்குவரத்துக் கழகக் கணக்கிலும் பட்ஜெட்டிலும் அது கடனாக நிற்கும். நிற்கட்டும், இதை இலவசம் என்று நக்கல் அடிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 2021 ஆகஸ்டில், அப்போது மதுரை மத்தியத் தொகுதி எம்.எல்.ஏ.வாகவும் மாநில நிதியமைச்சராகவும் இருந்த பழனிவேல் தியாகராஜன் பெட்ரோல் வரியில் மூன்று ரூபாய் குறைத்தார். பைக்கில் போகிறவருக்கு அது பயன்பட்டது. டீசலுக்கு அந்தக் குறைப்பு வரவில்லை. அதாவது, ஆட்களை ஏற்றிப்போகும் செலவுக்குத் தடுப்பு உண்டு, மூட்டையை ஏற்றிப்போகும் செலவுக்குக் கிடையாது. விருதுநகரிலிருந்து வரும் லாரியும், மாட்டுத்தாவணியிலிருந்து தெருக்கடைக்குத் தக்காளி கொண்டுவரும் குட்டியானையும் டாலரை முழுசாக வாங்கிக்கொண்டு அப்படியே இறக்கிவைக்கின்றன. இலவச பஸ்ஸில் வந்து இறங்குகிற அதே அக்கா, சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் அந்தத் தக்காளியைத்தான் வாங்குகிறார்.

செட்டோடு நாங்கள் கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். டீசல் லிட்டருக்கு ஐந்து ரூபாய் மாறினால் மூட்டை வாடகை அதற்கேற்ப மாறும், ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி. இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டோம், எனக்கு ரொம்பப் பெருமை. 2022 மே மாதத்துக்குப் பிறகு பெட்ரோல் பங்க் விலை அசையவே இல்லை. 2024 மார்ச்சில், மக்களவைத் தேர்தலுக்கு முன்னால், இரண்டு ரூபாய் குறைந்தது. ஐந்தைத் தொடவில்லை. அதற்குள் டாலர் 77-லிருந்து 83 ஆகியிருந்தது, எண்ணெய்க் கம்பெனிகள் லாபத்திலோ நஷ்டத்திலோ அதை அடைத்துக்கொண்டன. எங்கள் ஒப்பந்தத்துக்கு வேலையே வரவில்லை. வாடகை மட்டும் இரண்டு முறை ஏறியது, ஒருமுறை டயருக்காக, ஒருமுறை கப்பலூருக்காக. அடுத்த ஒப்பந்தத்தில் டீசலை எடுத்துவிட்டு டாலரையே போட்டுவிடலாமா என்று சித்தப்பா கேட்கிறார். செட்காரர் ஒப்புக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன். ஏறும்போதாவது.